மூக்குக்கு ஒரு புட்டி

மூன்றாவது முறையாகக் கிளாசுக்குள் மூக்கை விட்டார்.

காந்தியது. கண்ணில் நீர் கட்டியது. வாசனை மட்டும் இல்லை.

எதிரே போஜன் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தார். இருவரும் குன்னூரில் முப்பத்தெட்டு வருடம் தேயிலை ருசி பார்த்து ஓய்ந்தவர்கள். இவர் ஒரு மோப்பத்தில் எந்தச் சரிவில் பறித்த இலை என்று சொல்லிவிடுவார். பறித்தவள் அன்று புருஷனோடு சண்டை போட்டாளா என்பது வரைக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ரேணுகாவிடம்கூட. தினமும் ரசம் பிரமாதம் என்றே ஓட்டினார். பெருங்காயம் தீர்ந்துபோன வாரத்திலும் பிரமாதம். அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

இன்று இந்த விஸ்கி. போஜனின் மகள் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்தது. ஒரே பீப்பாய், உலகத்துக்கே இருநூற்றுப் பதினொரு புட்டி. பீப்பாயை வாங்கிப் புட்டியில் அடைத்தவர் பெயர் லேபிளில் இருந்தது. வடித்த ஆலையின் பெயர் இல்லை. அதை உன் மூக்குதான் சொல்லணும் என்றார் போஜன்.

ஐம்பத்தெட்டு சதவீதம் ஆல்கஹால். செத்தவன்கூட எழுந்து தும்முவான்.

இதற்கும் திறக்காவிட்டால் இந்த மூக்கு இனி கண்ணாடி மாட்டத்தான்.

துப்புவதற்குப் போஜன் வைத்திருந்த பாத்திரத்தைக் காலால் தள்ளினார். பத்து லட்சம் மடக்கு தேநீரை ருசி பார்த்துத் துப்பிய வாய்.

கரண்டியில் எடுத்து உறிஞ்சினார். அந்தச் சத்தத்துக்கு மலை ரயிலே நின்றிருக்கும்.

விழுங்கினார்.

நெஞ்சு வரை தணல். வாயை மூடி, மூச்சை மூக்கு வழியே மெல்ல விட்டார்.

ஒன்றுமில்லை.

இன்னொரு கரண்டி.

ஒன்றுமில்லை.

இன்னொன்று.

“கருகுது.”

போஜன் துள்ளினார். புகையேதான், புகையில் வாட்டிய பார்லிதான், ஸ்காட்லாந்துத் தீவுச் சரக்குதான், நீ மனுஷனே இல்லை என்று எழுத ஆரம்பித்தார்.

இவர் எழுந்து போய்விட்டிருந்தார்.

சமையலறையில் பால் சுண்டி, அடிப்பிடித்து, கறுத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் குனிந்தார். இழுத்தார். மறுபடி இழுத்தார்.

வீட்டுத் தோட்டத்திலிருந்து ரேணுகா ஓடிவந்து அடுப்புத் திருகில் கை வைத்தாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இரு.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

பிறகு தீயை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.