நிறுத்திப் பார்த்த ஆட்டம்

கிரிக்கெட் சங்க அலுவலகத்தின் பெஞ்சில் தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்து புத்தம்புது வீடியோ பிளேயரை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

“இதப் பாருங்க சார், உள்ளங்கைக்குள்ள மொத்த மேட்சும் ஓடுது! மட்டையோட ஓடி வர்றாளே, அவதான் எம் பொண்ணு. ரன் அவுட்னு குடுத்துட்டாங்க. அது தப்புன்னு காட்டலேன்னா அவளுக்கு டீம்ல இடமில்ல.”

“யாரு எடுத்தது?”

“என் மச்சான். கடைய விட்டுட்டு என்னால போக முடியல. இருங்க, நிறுத்துறேன்... பாத்தீங்களா? மட்டை கோட்டத் தாண்டிருச்சு, பந்து ஸ்டம்புல இன்னும் படவே இல்ல! அந்த அம்பயர் கண்ண எங்க அடகு வெச்சானோ!”

“எதிர்வெயில் கூசியிருக்கும். இன்னொரு தடவ ஓட்டுங்க.”

தையல்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓட்டினார், நிறுத்தினார், மறுபடியும் ஓட்டினார். மற்றவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“உங்க பொண்ணு அவுட்டே இல்லீங்க.”

“அப்படிச் சொல்லுங்க! இத உள்ள வந்தும் சொல்வீங்களா சார்?”

கதவு திறந்தது. “அம்பயர் வரலாம்!”

தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே இருந்ததே இரண்டு பேர்தான். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். தையல்காரர் அவசரமாக பிளேயரைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“நீங்களும் வாங்க,” என்றார் அம்பயர். “தப்பு என்னுதுன்னு நான் சொல்லிடுவேன். சரியான இடத்துல நிறுத்திக் காட்டத்தான் எனக்குத் தெரியாது.”