அந்தப் பக்கத்து ஆள்

"முப்பத்தெட்டாயிரத்து நானூறு யென், ஜில்மார்! இன்னைக்குக் கடை சாத்துறதுக்குள்ள வந்தாகணும். இல்லேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை இந்த வாசலை மிதிக்காதே!"

கடைக்காரி ஹிசாயோ அவன் காதோரம் குனிந்து கத்தினாள். அறுபது வீடியோ கேம் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் அலறும் கடையில் கத்தினால்தான் பேச்சு.

ஜில்மார் திரும்பவில்லை. திரையில் அவனுடைய மல்லன் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"வந்துகிட்டேதான் இருக்கு, ஹிசாயோ-சான்."

"எங்கே வருது? மூணு மாசமா இதையேதான் பாடுறே. ஒரு நூறு யென் காசைப் போட்டுட்டு மத்தியானம் பூரா குந்தியிருக்கே. கரண்டு என்ன பிரேசில்லேர்ந்தா வருது?"

"ஜெயிச்சவன் எழுந்திரிக்க வேண்டாம்னு சட்டம் போட்டது நீங்கதானே?"

சட்டம் அவளுடையது அல்ல, ஊர் வழக்கம்தான். இரண்டு இயந்திரங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். தோற்றவன் இன்னொரு காசு போட்டால் மறுபடி மோதலாம். ஜெயித்தவனுக்குச் செலவில்லை. எதிராளி யாரென்று எட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. அது மரியாதை கெட்ட வேலை. வருஷக்கணக்கில் மோதிக்கொண்டு, முகம் தெரியாமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

கடன் நியாயமான கடன்தான். காரின் கதவுக்கு ரப்பர் பூட்டும் தொழிற்சாலையில் அவன் கூடுதலாக உழைத்த மணிகளை, 'நிரூபிக்க முடியுமா?' என்று கேட்டு மேற்பார்வையாளர் ஒரே கோடாக அடித்துவிட்டார். வாடகைக்கு அத்தனை பணமும் குறைந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் கல்லாவைத் திறந்தவள் ஹிசாயோ ஒருத்திதான்.

அந்தப் பக்கம் காசு விழுந்தது. அடுத்த ஆட்டம். ஜில்மார் பக்கத்தில் வைத்திருந்த நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒரு கோடு கிழித்தான். நாலு கோட்டில் ஒரு கட்டம், அதன் குறுக்கே ஒன்று. அவன் ஊரில் ஐந்தை அப்படித்தான் எண்ணுவார்கள். மூன்று மாத ஞாயிறுகளில் சேர்ந்து, தாள் முழுக்கக் கட்டங்கள்.

"என்ன சின்னப் பிள்ளையாட்டம் கிறுக்கிக்கிட்டு? உங்க ஊர்ல எல்லாரும் பந்துதானே உதைப்பாங்க? நீ போய் அதை ஆடேன்."

"கால் அலுத்துப்போச்சு. அதான் கையால உதைக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்க வைச்சுக் கடனை மறக்கடிக்காதே. தெருக்காரங்க என்னை என்ன சொல்றாங்க தெரியுமா? வெளிநாட்டுக்காரனுக்குப் போய்க் கொடுத்தியே, ஒருநாள் ராவோட ராவா விமானம் ஏறிடுவான்னு."

ஜில்மாரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. அந்த ஒரு கணத்தில் நாலு குத்து விழுந்தது.

"பதினாலு வருஷமா குப்பையைக்கூட இந்த ஊர்ச் சட்டப்படி கிழமை பார்த்துத்தான் போடுறேன். எங்கேயும் ஏற மாட்டேன். இந்த நாற்காலியை விட்டும் ஏழு மணிக்கு முன்னால எழுந்திரிக்க மாட்டேன். எடுத்த பணத்துல ஒரு யென் குறையாது உங்களுக்கு. தெருக்காரங்ககிட்ட அதைச் சொல்லுங்க!"

ஹிசாயோ திரையைப் பார்த்தாள்.

அவனுடைய மல்லனுக்கு நகக்கண் அளவுதான் உயிர் மிச்சம். எதிராளி பாய்ந்தான். ஜில்மார் விலகவில்லை. பாய்ந்தவனை ஆகாயத்திலேயே பிடித்துத் தரையில் அறைந்தான். ஆட்டம் முடிந்தது.

டொக், டொக்.

தோற்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்து ஆள் விரல் முட்டியால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். இயந்திரம் வழியாக அது ஜில்மாரின் உள்ளங்கைக்கு வந்து சேரும்.

இன்னொரு காசு. இன்னொரு கோடு. டொக், டொக். இன்னொரு காசு.

கடை சாத்தும் மணி ஏழு அடித்தபோது ஜில்மார் பேனாவை மூடினான். கடைசிக் கட்டத்துக்கு நாலு பக்கம் வந்திருந்தது. குறுக்குக் கோடு தேவைப்படவில்லை.

"முந்நூத்தி எண்பத்து நாலு காசு, ஒவ்வொண்ணும் நூறு யென். எல்லாம் அந்தப் பக்கத்துப் பெட்டியில விழுந்தது. கணக்குத் தீர்ந்துச்சு, ஹிசாயோ-சான்."

"உனக்கென்ன பித்தா? அது எவனோ ஒரு வாடிக்கைக்காரன் போட்ட காசு! அதுல உன் கடன் எப்படித் தீரும்?"

"எவனோ இல்லை. மூணு மாசத்துக்கு முன்னால முதல் ஆட்டத்துலேயே அந்தத் தட்டைக் கேட்டேன். எட்டிப் பார்க்கத் தேவையே இல்லாமப் போச்சு."

அதற்குள் அந்தப் பக்கத்து நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. முகம் சிவந்த ஒருவர், வழக்கத்தையெல்லாம் மறந்து, கையில் ஆயிரம் யென் தாளோடு சுற்றி வந்தார்.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்! சில்லறை..." என்றவர், நாற்காலியில் இருந்தவனைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

ஜில்மார் எழுந்து, இடுப்பை வளைத்துப் பணிவாக வணங்கினான்.

"ரொம்பக் களைச்சுப்போயிருப்பீங்க, மேற்பார்வையாளர் குனிமோட்டோ-சான். என் வேலை நேரத்தை வெட்டுறதுக்கு முன்னாடியும் மேஜையில இப்படித்தான் ரெண்டு தட்டுத் தட்டுவீங்க."

ஹிசாயோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கல்லாவுக்குப் போய்க் கடன் நோட்டைத் திறந்து, விரல் முட்டியால் மேஜையை டொக், டொக் என்று தட்டிவிட்டு, ஜில்மாரின் பெயரை ஒரே கோடாக அடித்தாள்.