வெள்ளைச் சிலுவை

இதை அழித்துவிட்டால் இவன் எதைக் குடிப்பான் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள். கண்காட்சி மேசையில், உள்ளங்கையில் அடங்குகிற அவள் செய்த பாலைவன ராணுவ ஜீப் பொம்மை, ஓட்டுகிறவனோடு நின்றது. அதன் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஆறு கேன்கள். ஒன்றில் மட்டும், உள்ளே தண்ணீர் என்பதற்கு அடையாளமாக வெள்ளைச் சிலுவை போட்டிருந்தாள்.

"நிஜ ஜீப்போட பழைய போட்டோவுல ஆறுமே பெட்ரோல் கேன்தாம்மா," என்றார் நடுவர் சபாபதி. "அந்த வெள்ளைய அழிச்சிடுங்க, முதல் பரிசு உங்களுக்குத்தான். பொம்மைக்குத் தாகமா எடுக்கப்போகுது?"

ஜீப் ஓட்டுகிறவனின் உதட்டு வெடிப்புகளை மெல்லிய தூரிகையால் வரைந்த மத்தியானங்கள் அவளுக்கு இன்னும் இனித்தன. சபாபதி அவளுடைய தூரிகையை எடுத்து நீட்டினார். வாங்கித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டும் சார். அங்க வெயில் ஜாஸ்தி."