பலத்த பாதுகாப்பு

“என்னைத் தவிர ஒருத்தனும் உள்ள நுழையக் கூடாது தம்பி. அதுல இருக்கறது அப்படிப்பட்ட சரக்கு!”

ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் துணை மேலாளர் நாராயணப்பன், மத்திகிரி வீட்டில் ஃபைல்களைச் சேமிக்க வாங்கி வைத்த ஸ்டோரேஜ் சர்வரை ஆபீசிலிருந்தே திறக்க வழி செய்யச் சொன்னபோது, ஏதோ ராணுவ ரகசியம் என்றே நினைத்தான் கம்ப்யூட்டர் டெக்னீஷியன் ஃபைஸான்.

“முடிஞ்சுது சார். ஒவ்வொரு தடவ திறக்கறப்பவும் போனுக்கு ஓடிபி வரும். உங்க நம்பர்தானே?”

“வேணாம். வீட்டம்மா நம்பர் போடு.”

“அப்புறம் ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குப் போன் பண்ணிக் கேக்கணுமே சார்?”

“பாதுகாப்புன்னா அப்படித்தான்!”

அடுத்த வாரம் ஃபைஸானை ஆபீசுக்கு வரவழைத்துப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார் நாராயணப்பன். சாப்பிட்டு முடித்துச் சர்வரைச் சரிபார்த்தவன் திகைத்துப் போனான்.

“சார், தினம் பத்து தடவ திறந்திருக்கீங்க. உள்ள ஒரு ஃபைல்கூட இல்லையே!”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டம்மா எங்கூடப் பேசி ரெண்டு மாசமாச்சு தம்பி. நீ வந்துட்டுப் போனதுல இருந்து ஓடிபிய மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டிருந்தா. நேத்துதான், ‘எத்தன தடவ திறப்பீங்க, மனுஷனுக்கு வேற வேலையே இல்லியா’ன்னு நல்லாத் திட்டினா. நீ நல்லா இருக்கணும்ப்பா!”