நனைந்த காகிதம்

"பிரேக்கைப் பிடிச்சா பிடி கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்குது. வண்டி நிக்க மாட்டேங்குது. நேத்து இறக்கத்துல லாரிக்கடியில போயிருப்பேன்" என்றாள் நர்ஸ், சைக்கிளைக் கடைக்குள் தள்ளியபடி.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். முன்சக்கரத்து டிஸ்க் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

"கடைசியா யாரு கை வச்சது?"

"போன மாசம் நீங்க பிரேக் ஆயில் மாத்தினீங்க. போன வாரம் உங்க கடை பூட்டியிருந்தது, எதிர்க்கடையில பிரேக் பேட் மாத்தினேன்."

"அங்க ஏம்மா போனீங்க?"

எதிர்க்கடைக்காரன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஒன்றாக இருந்தவன், சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்து போய் எதிரிலேயே பலகை மாட்டினான். பேச்சு நின்று ஒன்பது வருஷம். தம்பி மகள் கல்யாணத்தன்றுகூட இவர் வேண்டுமென்றே கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்தும் அவர்கிட்டதான் போனேன். கழட்டிப் பார்த்தார். திரும்ப மாட்டிட்டு, உங்ககிட்ட கொண்டு போகச் சொல்லிட்டார்."

"தெரிஞ்சாத்தானே செய்வான்! காத்தடிக்கிறதும் இதுவும் ஒண்ணா?" அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

"யார் தப்புன்னு எனக்குத் தெரியணும். ஆஸ்பத்திரியில பன்னிரண்டு பேர் இதே வண்டிதான் வச்சிருக்கோம். தப்பு பண்ணின கடைப் படியை இனி ஒருத்தரும் மிதிக்க மாட்டோம்."

அவர் நிமிர்ந்தார். பன்னிரண்டு வண்டி! இந்த வாரம் அவர் கடைக்கு வந்ததே மொத்தம் ஐந்து.

"உட்காருங்க. கண்ணு முன்னாடியே காட்டுறேன்."

ஸ்பிரிட் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தார். மேலே பிடியில், நடுவில் ஆயில் குழாய் மூட்டில், கீழே டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் என்று மூன்று இடத்தில் வெள்ளைக் காகிதம் சுற்றினார். பிடியை அழுத்தி, பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினார்.

"எந்தக் காகிதம் நனையுதோ, அங்கதான் ஒழுகுது."

கால் மணி நேரம் ஆனது. மேலே இரண்டும் காய்ந்தே இருந்தன. காலிப்பர் காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா? அவன் பேட் மாத்தின இடம்!"

உற்சாகமாகக் காலிப்பரைக் கழற்றினார். தட்டில் ஆயில் சொட்டியது. விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார்.

இந்த வண்டிக்கு ஊற்ற வேண்டியது ரோஸ் கலர் ஆயில். சொட்டியது மஞ்சள், காருக்கு ஊற்றுவது. அதில் ஊறி, உள்ளே ரப்பர் வளையம் தேனீ கொட்டிய உதடு மாதிரி வீங்கியிருந்தது.

போன மாசம் ரோஸ் ஆயில் தீர்ந்து போயிருந்தது. எல்லாம் பிரேக் ஆயில்தானே என்று மஞ்சளை ஊற்றியது அவரேதான். பாட்டில் இன்னும் அலமாரியில் நின்றது. நைசாக ஒரு அழுக்குத் துணியை அதன்மேல் போட்டார்.

"என்ன ஆச்சு?" என்றாள் நர்ஸ்.

எதிரே தம்பி, தலை நிமிராமல் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பேட் மாத்தும்போது ரப்பரைக் கெடுத்துட்டான்மா. வேற என்ன?"

"அவரும் அதையேதான் சொன்னார்."

அவர் கை நின்றது. "என்ன சொன்னான்?"

"'என் கைத்தப்புதாம்மா. எங்க அண்ணன்கிட்ட குடுங்க, சரி பண்ணிடுவார்'னார். நீங்களும் அதையே சொல்றீங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன். ஒத்துக்கிட்டாரே, அந்த மட்டும் நல்ல மனுஷன். ஆனா நாங்க பன்னிரண்டு பேரும் இனிமே இங்கதான் வருவோம்."

அவர் கண் எதிர்க்கடைப் பக்கம் போனது.

நர்ஸ் பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "அட, மறந்தே போச்சு. இதை உங்க கையிலயே குடுக்கச் சொன்னார்."

பிரித்தார். மேலே பிடிக்கும் கீழே காலிப்பருக்குமாகப் புது ரப்பர் வளையங்கள். கூடவே, மூடி திறக்காத ஒரு பாட்டில் ரோஸ் கலர் ஆயில்.