சக்கரத்தடியில் கல்தரை

“சக்கரத்துக்குக் கீழ கிடக்கிறவனை அழிச்சிடு. இப்பவே, என் கண்ணு முன்னால.”

நகரத் தலைவர் கித்தானில் மூக்கு உரசும்படி குனிந்து நின்றார்.

நகர மன்றத்தில் மாட்டுவதற்காக அவரே சொல்லி வரையவைத்த ஓவியம். ஊர்ச் சதுக்கம், சந்தை நாள், நடுவில் அவருடைய குதிரை வண்டி. கட்டடங்களைத் தீட்டியவர் ஓவியர். மனிதர்களைத் தீட்டியது அவர் மனைவி. அந்த வீட்டில் தொழில் அப்படித்தான் பிரிந்திருந்தது.

ஓவியர் ஓரடி பின்வாங்கினார். மனைவி, பிசகிவிட்டது ஐயா என்று பணிவாகச் சொல்லித் தூரிகையை எடுத்தாள்.

சக்கரத்தடியில் கிடந்தவன் அவளுடைய அண்ணன்.

போன வருடம் இதே வண்டி ஏறிச் செத்த காய்கறிக்காரன். பட்டப்பகலில், சந்தை நடுவில். விசாரணையில் ரொட்டிக்கடைக்காரர் முதல் சவரக்கடைக்காரர் வரை எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள்: நாங்கள் எதையும் பார்க்கவில்லை. வழக்கை மூடிவிட்டார்கள்.

அவள் அவனுடைய தங்கை என்பது தலைவருக்குத் தெரியாது. செத்தவனுக்குக் குடும்பம் உண்டா என்று அவர் கேட்டதே இல்லை.

அண்ணனின் கால் மறைந்தது. கை மறைந்தது. முகத்தின் மேல் சாம்பல் வர்ணம் பூசும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் வெறும் கல்தரை.

தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு விரல்கூட மிச்சமில்லை. திருப்தியோடு கிளம்பினார். நாலடி தள்ளி நின்று முழுப் படத்தையும் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

இந்த வம்பு நமக்குத் தேவையா என்று கணவர் புலம்பித் தீர்த்தார்.

“தேடி அழிக்க அவருக்கு ஒண்ணு வேணும்ல? அதான் போட்டேன்” என்றாள் அவள், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

திறப்பு விழாவில் திரை விலகியது. எழுந்த கைதட்டல் பாதியில் நின்றது.

முன்வரிசையிலிருந்த தலைவரின் மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

“ஏன் மாப்பிள்ளை, உங்க வண்டிச் சக்கரத்துக்கிட்ட என்ன கிடக்கு? அத்தனை பேரும் அங்கயே பாக்குறாங்களே?”

தராசைப் பிடித்த மீன்காரி, கத்தியை நிறுத்திய சவரக்கடைக்காரர், மாடியில் துணி உலர்த்தும் பெண். சதுக்கத்திலிருந்த ஒரு கண் பாக்கியில்லாமல் அந்த வெறும் கல்தரையின் மேல்.

கூட்டத்தில் நின்றிருந்த ரொட்டிக்கடைக்காரர் படத்தில் தன் முகத்தைக் கண்டுபிடித்தார். தன் கண் போன இடத்தையும் கண்டுபிடித்தார்.

பிறகு மெதுவாகத் திரும்பி, நகரத் தலைவரைப் பார்த்தார்.