மூணு தரம் கேட்கணும்

கம்ப்யூட்டர் திரை நான்காவது முறையாகச் சிவந்தது.

'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது. உடனே பிளாட்டினம் திட்டத்துக்கு மாறுங்கள்.'

கீழே இரண்டு பொத்தான்கள். 'மாறுகிறேன்' என்பது பச்சையாகப் பளபளத்தது. 'பிறகு பார்க்கலாம்' என்பது சாம்பல் நிறத்தில் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தது. அதுவும் முழுசாக ஒரு நிமிடம் கழித்துத்தான் வேலை செய்யும். அதற்குள் பின்னால் இருந்த பக்கத்தில் ஓடிபி காலாவதியாகிவிட்டது.

ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கும் ஜஹாங்கீருக்கு ரத்தம் தலைக்கேறியது. துறைமுக கேட்டுக்குள் கண்டெய்னரை விடுவதற்கான சீட்டை அவன்தான் ஆன்லைனில் எடுத்துத் தர வேண்டும். நாலு மணிக்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்துத்தான். பெட்டிக்குள் இருப்பதோ இறால்.

போன் அடித்தது. டிரெய்லர் டிரைவர் பகலவன்.

"பாய், சீட்டு இன்னா ஆச்சு? காலைலேர்ந்து லைன்ல நின்னு இப்பதான் கேட்டாண்ட வந்துகீறேன். சீட்டு இல்லன்னா ஓரங்கட்டி வுட்ருவானுங்க. அப்பால மறுபடியும் கடைசிலேர்ந்து வரணும்."

"தோ, ரெண்டே நிமிசம் பகலவா."

"இத்தயேதான் அரைமணி நேரமா சொல்லிகினு கீறீங்க."

இலவசமாக வந்த ஆன்டிவைரஸ் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். இது ஜனவரியில் முழுசாகக் காசு கட்டி வாங்கியது. வாங்கின நாளிலிருந்து இதே தொல்லை. கழற்றி எறியலாம் என்றால் முதலாளி சாமியாடுவார். போன வருஷம் ஏதோ வைரஸ் வந்து ஆபீஸ் பில் மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போனதை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஜஹாங்கீர் ஆன்டிவைரஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டான். பதினோரு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம், ரோஸ்மேரி பேசுகிறேன். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"இந்த பாப்-அப்ப நிறுத்தும்மா. வேற ஒண்ணும் வேணாம். ஓடிபி போடவே வுட மாட்டேங்குது. வண்டி ஹார்பர் கேட்டாண்ட நிக்குது."

"புரிகிறது சார். பிளாட்டினம் திட்டத்துக்கு மாறினால் இந்த அறிவிப்பு வராது."

"ஏற்கெனவே துட்டு கட்டித்தாம்மா வாங்கிகீது."

"புரிகிறது சார். இன்றே பிளாட்டினம் எடுத்தால் முப்பது சதவீதம் தள்ளுபடி உண்டு."

"தள்ளுபடிய யாரு கேட்டா? துட்டு குடுத்து வாட்ச்மேன் வெச்சா, அவனே வாசல்ல குறுக்க பட்த்துகினு இன்னும் குடுன்னா இன்னா அர்த்தம்? நிறுத்த வழி கீதா இல்லியா?"



"பிளாட்டினம் திட்டத்துக்கு மாற விருப்பமா சார்?"

"உனுக்கெல்லாம் வூட்ல அப்பன் ஆத்தா இல்லியா? ஊர ஏமாத்தி துன்ற சோறு எப்டி உள்ள எறங்குது?"

"தங்கள் அழைப்புக்கு நன்றி சார்."

போன் வைக்கப்பட்டது. அடுத்த விநாடி ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. 'ரோஸ்மேரியின் சேவைக்கு எத்தனை மார்க்? 1 முதல் 5 வரை.'

பூஜ்யம் போட வழியில்லையே என்று பல்லைக் கடித்தபடி 'ஒன்று' என்று தட்டி அனுப்பினான். 'பதிவு செய்யப்பட்டது' என்று பதிலும் வந்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

மணி மூணேகால். திரை ஐந்தாவது முறையாகச் சிவந்தது. பகலவனுக்கு என்ன சொல்வது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது புது நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் ஹார்னும் கிளாஸ் கழுவும் சத்தமும்.

"அண்ணா, ரோஸ்மேரி பேசறேன். இப்ப டோஸ் வுட்டீங்களே, அந்த ரோஸ்மேரிதான். டீ குடிக்க வெளிய வந்துகீறேன். இது என் போனு, ரெக்கார்டு ஆவாது. சீக்கிரம் செட்டிங்ஸ்ல போங்க. கடேசியா 'சிறப்புச் சலுகைகள்'னு கீதா?"

"கீது."

"அந்த டிக்க எட்த்துடுங்க. அவ்ளோதான்."

எடுத்தான். மறுபடி ஓடிபி கேட்டான், போட்டான். திரை சிவக்கவில்லை. சீட்டு வந்தது. உடனே அதைப் பகலவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

"வந்துட்சிம்மா. இத்த அப்பவே சொல்லிருக்கலாமே?"

"சொல்லக்கூடாதுண்ணா. யாரு இன்னா கேட்டாலும் மூணு தரம் பிளாட்டினம் வேணுமான்னு கேட்டுட்டுதான் போன வெக்கணும். ஒரு தரம் கொறைஞ்சாலும் மெமோ. எங்க நைனாவும் டிரெய்லர்தான் ஓட்றாரு. கேட்டாண்ட வண்டிய ஓரங்கட்டி வுட்டா இன்னா பாடுன்னு எனுக்குத் தெரியும்."

அப்பன் இல்லையா என்று கேட்டது ஜஹாங்கீருக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"நான் அப்டி பேசிருக்கக் கூடாதும்மா."

"அத்த வுடுங்கண்ணா, டெய்லி கேக்கறதுதான். ஒரே ஒரு உதவி. மார்க் கேட்டு மெசேஜ் வரும். அஞ்சு போடச் சொல்லல. ஒண்ணு மட்டும் போட்றாதீங்க. இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு பேரு ஒண்ணு போட்டுட்டாங்க. இன்னொண்ணு வந்தா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அந்தக் கம்பெனியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள் என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த ஜஹாங்கீர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மெசேஜ் இன்னும் வரலம்மா. வந்தா அஞ்சே போட்டுடறேன்."